நூற்று அறுபத்து மூன்று குரல்கள்

சிங்கப்பூர்
2 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாதவி எழுதுகிறேன். கடைசியாக எப்போது தபாலில் கடிதம் போட்டேன் என்று நினைவில்லை. வேறு வழி தெரியவில்லை. கைப்பேசியில் என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். துளசி அண்ணியிடம் கேட்டால், "அவருகிட்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் மாதவி, மூஞ்சியே சரியில்ல" என்கிறார்.

பொங்கலன்று அண்ணிக்குப் பரிசாகத்தான் டிவியில் மாட்டுகிற எங்கள் கம்பெனிப் பெட்டியைக் கொண்டு வந்தேன். அண்ணி ரிமோட்டை வாய்ப்பக்கம் வைத்து, "நேத்து நாடகத்த இன்னொரு வாட்டி போடுலா" என்றதும் அது போட்டுவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்கு எப்படி நம்ம பேச்சு புரியுது?" என்று கேட்டீர்கள். நான் பெருமையோடுதான் சொன்னேன், போன வருடம் நீங்கள் பதிவு செய்து அனுப்பிய குரல்களை வைத்துத்தான் என்று. நீங்கள் எழுந்து ஒயரைப் பிடுங்கி, சுற்றி, பெட்டியை என் காடியின் பின்சீட்டில் வைத்துவிட்டு வந்தீர்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

உங்களிடம் ஆராய்ச்சி என்றுதான் சொன்னேன். அப்போது அது ஆராய்ச்சிதான், அண்ணா. நாங்கள் மூன்று பேர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தோம். அது விற்பனைக்கு வருமா என்று எங்களுக்கே தெரியாது.

எங்கள் தொழிலில் இப்போது நடக்கும் சண்டை உங்களுக்கும் தெரியும். ஒரு வீட்டுக்கு ஒரு ஹால். சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும்போது கை எந்த ரிமோட்டைத் தேடுகிறதோ, அந்தக் கம்பெனிக்குத்தான் அந்த வீடு. டிஷ் கம்பெனி, இணைய லைன் கொடுப்பவர்கள், டிவி செய்பவர்கள், வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்கள் என்று எல்லாரும் அந்த ஒரு கைக்காக அடித்துக்கொள்கிறோம். தமிழ் எல்லாருக்கும் கடைசி வேலை. அப்படியே செய்தாலும் சென்னையில் பேசும் தமிழைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் பேசுவது புரிகிற முதல் பெட்டி எங்களுடையது. அதைச் செய்தவள் நம் ஊர் அசாம் ஜாவாக்காரி. இதில் உங்களுக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லையா?

டிஷ் மாட்டும் உங்கள் வேலை இதனால் அடிபடுகிறது என்று தெரியும். கோபம் அதற்குத்தான் என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள்.

மாதவி


அசாம் ஜாவா
17 மார்ச் 2024

தங்கை மாதவிக்கு,

காளியண்ணன் எழுதுவது. இங்கு நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

கோபம் டிஷ்ஷுக்காக இல்லை. இந்த மாதம் மட்டும் புஞ்சாக் ஆலாமில் ஒரே தாமான் குடியிருப்பில் பதினெட்டு டிஷ் கழற்றினேன். கழற்றவும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் டிஷ் மாட்ட ஆரம்பித்த காலத்தில் வீடியோ டேப் வாடகைக்கு விட்ட கடைகளெல்லாம் படுத்துவிட்டன. அவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. இந்தத் தொழில் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும்.

நான் எப்படி அந்தக் குரல்களை எடுத்தேன் என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள். கூரை மேல் வேலை முடித்து ஏணியில் இறங்குவேன். வேர்வையோடு நிற்கிறேனே என்று டீ கொடுப்பார்கள். அப்போது போனை நீட்டுவேன். "டிவிகிட்ட சொல்ற மாதிரி எதயாச்சும் சொல்லுங்க. என் தங்கச்சி நம்ம பேச்ச வச்சு ஆராய்ச்சி பண்ணுது" என்பேன். என் மூஞ்சிக்காகப் பேசினார்கள். விமலா அக்கா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து பேசியது. போட்டோ இல்லைக்கா, குரல் மட்டும்தான் என்றேன். "இருக்கட்டும் தம்பி, ஒன் தங்கச்சி படிப்புக்குத்தானே" என்றது.

போன வியாழக்கிழமை நஜ்முதீன் கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற புனிதனும் இருந்தார். பக்கத்து மேசையில் ஒருவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அதிலிருந்து புனிதன் குரல் வந்தது. "அடேய் டிவி, அந்தப் பந்து வெளாட்டப் போடு, சத்தத்தக் கொற, பொண்ணு படிக்குது." உங்கள் பெட்டிக்கு விளம்பரம். கடையே சிரித்தது. "புனிதன்ணே, எப்ப நடிகரானீங்க?" என்று ஒருவன் கேட்டான். அவர் கையில் எடுத்த ரொட்டியைத் திரும்பத் தட்டில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் கேட்டார்: "காளி, என் கொரல யாரு வித்தா?"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்லா. சும்மாவே கொடுத்திருப்பேன். கேக்கலியே," என்றார். லோரி ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் சடக்கைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இவ்வளவு பெரிய கம்பெனி ஒருவர் குரலை எடுத்து விளம்பரத்தில் போடுகிறது. அவர் சம்மதித்தார் என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அது யார்?

காளியண்ணன்


சிங்கப்பூர்
1 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

எழுதிக் கொடுத்தது நான்தான்.

ஒரு படிவம் இருக்கிறது. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வரி. பெயர், ஊர், வயது, பதிவு செய்தவர், கடைசியில் "வணிகப் பயன்பாட்டுக்குச் சம்மதம் பெறப்பட்டது" என்று ஒரு கட்டம். போன நவம்பரில், பெட்டியைப் பொங்கலுக்கு முன் வெளியிட வேண்டும் என்று முடிவானபோது அந்தப் படிவம் என்னிடம் வந்தது. டிஷ் கம்பெனியும் குரல் ரிமோட் செய்துகொண்டிருக்கிறது என்று செய்தி வந்திருந்தது. யார் முதலில் என்பதுதான் அப்போது எல்லார் வாயிலும். உங்களுக்குப் போன் செய்து, மறுபடியும் எல்லாரிடமும் போய்க் கேளுங்கள் அண்ணா என்று சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் ஆகியிருக்கும். நான் ஒரு மத்தியானத்தில் உட்கார்ந்து நூற்று அறுபத்து மூன்று கட்டங்களிலும் குறி போட்டேன். நம் ஆட்கள்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இதை எழுதும்போதுதான் அது எவ்வளவு கேவலமான நினைப்பு என்று தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "பதிவு செய்தவர்" என்ற இடத்தில் எல்லா வரியிலும் உங்கள் பெயர் இருக்கிறது. உங்கள் அடையாள அட்டை எண்ணும்.

விளம்பரம் என் பிரிவு செய்ததல்ல. அதை இங்கே எழுதுவது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

புனிதன் அண்ணனுக்கு ஏதாவது செய்யச் சொல்லி மேலே கேட்கலாம். காரணம் சொல்லாமல் அந்த விளம்பரத்தை மட்டும் எடுக்க வைக்கலாம். தீபாவளிக்கு அடுத்த பெட்டி வருகிறது. அதுவரை பொறுத்தால் எனக்கும் பெயர் கெடாது, உங்களுக்கும் சிக்கல் வராது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாதவி


அசாம் ஜாவா
21 ஏப்ரல் 2024

மாதவிக்கு,

கடிதத்தைத் துளசிக்கும் வாசித்துக் காட்டினேன். "அவளும் பயந்துட்டா லா. பயந்தவங்ககிட்ட கோவப்பட்டு என்ன செய்ய?" என்றாள். எனக்கு அவ்வளவு சீக்கிரம் மனது இறங்கவில்லை. ஆனால் உன் எண்ணைத் திறந்துவிட்டேன். அவசரம் என்றால் கூப்பிடு. மற்றதற்குக் கடிதமே இருக்கட்டும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அதோடு முடிந்துவிடும்.

நான் புனிதன் வீட்டுக்குப் போனேன். புத்தாண்டுக்கு மறுநாள். வாசலில் லோரி டயர் மாற்றிக்கொண்டிருந்தார். "உள்ள வா"ன்னும் சொல்லவில்லை, "போ"ன்னும் சொல்லவில்லை. நானே ஸ்பானரைப் பிடித்துக் கொடுத்தபடி சொன்னேன், குரலை எடுத்தது நான், கொடுத்தது என் தங்கை, கேட்காமல் கொடுத்தது தப்பு என்று. அவர் கடைசி நட்டையும் முறுக்கி முடித்தார். "ஒன் தங்கச்சி இத வந்து சொல்லுமா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. உன் சார்பில் எதையும் சொல்லக்கூடாது என்று ஒரு பாடம் கிடைத்திருக்கிறதே.

இப்போது முக்கியமான விஷயம். போன புதன்கிழமை எங்கள் டிஷ் கம்பெனி வட்டார மேனேஜர் அகிலன் வீட்டுக்கே வந்தார். இத்தனை வருடத்தில் அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. துளசி காப்பி கலக்கிக் கொண்டுவருவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். நஜ்முதீன் கடையில் நடந்தது அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"அண்ணே, நீங்க ஒண்ணும் பெருசா செய்ய வேணாம். பத்திரிகைக்காரங்க வருவாங்க. நடந்தத அப்படியே சொல்லுங்க. ஏழைங்க கொரலக் கேக்காம எடுத்துக்கிட்டாங்கன்னு. அது போதும். அந்தப் பெட்டி எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது," என்றார்.

"எனக்கு என்னா?" என்று கேட்டேன். கேட்டேன் மாதவி, மறைக்கவில்லை.

இங்கிருந்து புக்கிட் பெருந்துங் வரைக்கும் எல்லாத் தாமானும், எல்லாத் தோட்டமும், எங்கள் புதிய குரல் ரிமோட் மாட்டுகிற வேலை முழுக்க எனக்கே என்றார். நான் ஒருவனாகச் செய்ய முடியாத வேலை. நாலைந்து பேரை வைத்து நடத்தலாம். பெரியவளை அடுத்த வருடம் காலேஜ் அனுப்ப வேண்டும்.

"உங்க ரிமோட்டுக்கு எங்கேருந்து கொரல் எடுத்தீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "அதெல்லாம் கேக்கக் கூடாதுண்ணே" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் சொல்லச் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. அந்த நூற்று அறுபத்து மூன்று பேரில் யாராவது நாளைக்கு என்னிடம், "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?" என்று கேட்டால் என் வாயில் பதில் இருக்க வேண்டும்.

மே மாதம் பத்தாம் தேதி வரை யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

விளம்பரத்தை மட்டும் எடுத்துவிட்டு தீபாவளி வரை பொறுப்பது என்று எழுதினாயே, அது வேண்டாம். நான் பத்திரிகையில் சொல்வதைவிட நீ உன் கம்பெனியில் சொல்வது நல்லது. நான் சொன்னால் அது ஒரு கம்பெனிக்காக இன்னொரு கம்பெனியை அடித்ததாகிவிடும். நீ சொன்னால் அது அந்த ஆட்களுக்காக இருக்கும். நீ சொல்லாவிட்டால் பத்தாம் தேதி நான் சொல்வேன். அகிலன் கொடுக்கும் வேலையை வாங்கிக்கொள்ளாமல் சொல்வேன். உன்னை மிரட்டுவதாக நினைக்காதே. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது.

காளியண்ணன்


சிங்கப்பூர்
4 மே 2024

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் அந்த வாரம் எத்தனை ஹால் நம் பக்கம் வந்தது, எத்தனை போனது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது படிவத்தைத் திரையில் போட்டேன். "இந்தக் குறிகள் எல்லாம் நான் போட்டவை. யாரிடமும் கேட்கவில்லை" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன், ஆனால் மனதுக்குள் முதலில் தமிழில்தான் வந்தது. யாரும் கத்தவில்லை. என் மேலாளர் மடிக்கணினியை மெதுவாக மூடினார். அவர் என்னிடம் எப்போதும் அன்பாக இருந்தவர். "இன்னும் யாருக்குத் தெரியும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. "அந்த நூற்று அறுபத்து மூன்று பேருக்கும் தெரியப் போகிறது" என்றேன்.

அகிலன் உங்களிடம் சொன்னதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயத்தினால் செய்தார்கள் என்றாகிவிடும். அவர்களாகச் செய்கிறார்களா என்று பார்க்க நினைத்தேன். நான்கு நாள் வக்கீல்களோடு பேசினார்கள். நேற்று முடிவு வந்தது.

விளம்பரம் நின்றுவிட்டது. ஒவ்வொருவரிடமும் நேரில் போய்க் கேட்க வேண்டும். வேண்டாம் என்பவர்களின் குரலை அழித்து, அது இல்லாமல் மறுபடியும் பெட்டியைப் பழக்க வேண்டும். அதற்கு மாதக் கணக்காகும். தீபாவளிக்கு வர வேண்டிய பெட்டி வராது. டிஷ் கம்பெனி முந்திவிடும். கூட்டத்தில் என் வயதுப் பையன் ஒருவன் என்னைப் பார்க்காமலே எழுந்து போனான். அவனும் இரண்டு வருடம் இதற்காக உழைத்தவன்.

என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜூன் மாதக் கடைசி வரை வேலை உண்டு. இந்த ஆட்களிடம் கேட்டு வருவதும், வேண்டாம் என்றவற்றை அழிப்பதும்தான் என் கடைசி வேலை. அதை நான்தான் செய்வேன் என்று கேட்டு வாங்கினேன். உங்கள் பெயரை "பதிவு செய்தவர்" இடத்திலிருந்து எடுத்து, பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பதினோராம் தேதி அங்கே வருகிறேன். புனிதன் அண்ணன் வீட்டுக்கு முதலில் போக வேண்டும். நீங்கள் கூட வர வேண்டாம். வழி மட்டும் சொன்னால் போதும்.

மாதவி


அசாம் ஜாவா
2 ஜூன் 2024

அன்புள்ள மாதவிக்கு,

நீ போய் இரண்டு வாரமாகிறது. வீட்டில் இல்லாதவர்கள் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னேனே, எல்லாம் முடிந்தது. பாரங்களை, அதாவது நீ கொடுத்த படிவங்களை, ஒரு கட்டாகக் கட்டி இதோடு அனுப்பியிருக்கிறேன்.

புனிதன் வீட்டில் நீ உள்ளே போனபோது நான் சடக்கில் காடிக்குள் உட்கார்ந்திருந்தேன். வர வேண்டாம் என்று சொன்னாய், ஆனால் வீட்டில் உட்கார முடியவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது உன் கண் சிவந்திருந்தது, நான் கேட்கவில்லை. நீ சிங்கப்பூர் திரும்பிய பிறகு அவரே சொன்னார். "நல்லாத் திட்டிப்புட்டேன் காளி. எதுத்து ஒரு வார்த்த பேசல. ஆமாண்ணே, தப்புதாண்ணேன்னு ஒக்காந்திருந்துச்சு. அப்பறம் எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு, சாப்ட்டுட்டுப் போன்னு சொன்னேன்." பாரத்தில் வேண்டாம் என்றுதான் எழுதினார். அது வேறு, இது வேறு என்றார். இப்போது நஜ்முதீன் கடையில் என் மேசையில்தான் உட்காருகிறார்.

தொண்ணூற்று நான்கு பேர் வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். ஐம்பத்தொரு பேர் வேண்டாம் என்றார்கள். பதினேழு பேர் ஊர் மாறிவிட்டார்கள், அல்லது இறந்துவிட்டார்கள். விமலா அக்கா, "இந்த வாட்டி ஒழுங்கா கேட்டீங்கல்ல, வச்சுக்கச் சொல்லு" என்றது. லோகேஸ்வரிதான் ஆச்சரியம். தாமானில் அந்தப் பெட்டியை முதலில் வாங்கியது அவள்தான், தினமும் அதோடு பேசுகிறவள். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாள். "அப்பறம் ஒங்க பேச்சு அதுக்குப் புரியாம போயிட்டா?" என்றேன். "போனாப் போகட்டும்ணே, ரிமோட்ட அமுக்குறேன். வெரல் இருக்குல்ல," என்றாள்.

அகிலனிடம் பத்தாம் தேதியே சொல்லிவிட்டேன், என் தங்கை அவளாகவே சரிசெய்கிறாள், பத்திரிகையில் சொல்ல ஒன்றும் இல்லை என்று. அவர் கோபப்படவில்லை. "தங்கச்சி பாசம்" என்றார். அது இல்லை என்று விளக்கப் பார்த்தேன், அவருக்குப் புரியவில்லை. அந்த வேலை புக்கிட் பெருந்துங்கில் ஒரு பெரிய கான்ட்ராக்டருக்குப் போய்விட்டது. என்னையும் அவருக்குக் கீழே வரச் சொன்னார்கள். போவேன் என்று நினைக்கிறேன். மகளுக்குக் காலேஜ் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து வீம்பு பேச முடியாது.

நீ விட்டுப்போன கட்டில் ஒரு பாரம் என் பெயருக்கு இருந்தது. போன் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க ஆரம்பத்தில் நானே பேசி உனக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்கு மறந்தே போயிருந்தது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்கினாய், மற்ற எல்லாரையும் தேடிப் போய்க் கேட்டாய், என்னிடம் மட்டும் கேட்கவில்லை. பாரத்தை நடுவில் சொருகிவிட்டுப் போயிருக்கிறாய்.

நான் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். உன் மேல் கோபத்தினால் இல்லை, அது போய்விட்டது. எல்லாரிடமும் போய், "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, எடுத்துருவாங்க" என்று நான் சொன்னேன். எடுக்கிறார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். எடுத்ததும் எழுது.

காளியண்ணன்


சிங்கப்பூர்
27 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

எடுத்துவிட்டோம்.

வேண்டாம் என்ற ஐம்பத்தொன்று, கேட்க முடியாமல் போன பதினேழு, உங்களுடையது ஒன்று. ஒவ்வொன்றாக நானே அழித்தேன். ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கலாம். ஆனால் குறி போட்டபோது மொத்தமாகத்தான் போட்டேன், அதனால் இதைத் தனித்தனியாகச் செய்தேன். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். மிச்சமுள்ள குரல்களை மட்டும் வைத்துப் புதிதாகப் பழக்குகிறார்கள். முன்னைவிடக் கொஞ்சம் தடுமாறுகிறது என்று சொன்னார்கள். வருகிற மாதம் எல்லா வீட்டுப் பெட்டியிலும் அது மாறிவிடும். லோகேஸ்வரியிடம் சொல்லுங்கள்.

நாளை மறுநாள் என் கடைசி நாள். இரண்டு இடங்களில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஏன் விலகினாய் என்று கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். ஓர் இடத்திலிருந்து அதன் பிறகு பதில் இல்லை. இன்னோர் இடத்தில் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உங்களிடம் நேரில் கேட்காததற்குக் காரணம் சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள் என்று தெரியும். என் முகத்துக்கு நேராக அதைக் கேட்கும் தைரியம் இல்லை. புனிதன் அண்ணனிடம் இருந்த தைரியம் உங்களிடம் வரவில்லை.

உங்கள் பதிவைக் கடைசியாக வைத்திருந்தேன். அழிக்கும் முன் ஒரு தடவை கேட்டேன். கேட்டது சரியா என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். பதினோரு வினாடி. பின்னால் கூரைத் தகரத்தில் மழை விழுகிறது. "மாதவி, கேக்குதா? நாந்தான் பேசுறேன். இங்க சரியான மழ. கேக்குதான்னு சொல்லு."

கேக்குதுண்ணே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் சரிபார்க்க உட்கார்ந்திருந்தவருக்குத் தமிழ் தெரியாது. என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி, அழித்தேன்.

மாதவி